காவலாளி இல்லாத வானொலி நிலையங்கள்

கல்முனைக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிவது தோணிகளும் தொடுவானமும் மட்டுமே. ஆனால் அந்தத் தொடுவானத்துக்கு அப்பால், நமது கரையிலிருந்து ஏறத்தாழ 750 கிலோமீற்றர் தொலைவில், 2006 டிசம்பர் மாதம் ஒரு வானொலி நிலையம் நிறுவப்பட்டது. அதில் அறிவிப்பாளர் இல்லை. பாட்டும் இல்லை, ஆளும் இல்லை. இலங்கைக்கும் தாய்லாந்துக்கும் இடையே நடுக்கடலில் மிதக்கும் ஒரு மிதவைதான் அந்த நிலையம். அமெரிக்கா தாய்லாந்துக்கு வழங்கிய அந்த மிதவையின் இலக்கம் 23401. ஆழ்கடலில் சுனாமியை அறியும் "டாட்" வகை மிதவைகளில் இந்து சமுத்திரத்தில் இறக்கப்பட்ட முதலாவது இதுவே ஆகும்.

இவ்வாறான நிலையங்கள் இன்று உலகக் கடல்களெங்கும் உள்ளன. புயலையும் பேரலையையும் தாங்கும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். எனினும் அவற்றுள் பல பழுதாவது புயலால் அல்ல, மனிதக் கைகளால். யாருமே காவல் இல்லாத ஒரு பொருளை எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. அதன் விடையில் ஒரு பங்கு கடலை நம்பி வாழும் நமது ஊர்களிடம் இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மணி நேரத்தின் பெறுமதி

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கால இலங்கை நேரப்படி 6.59 மணிக்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 9.1. அலை நமது கிழக்குக் கரையை வந்தடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரத்தில் மருதமுனையிலும், கல்முனைக்குடியிலும், சாய்ந்தமருதிலும், காரைதீவிலும், நிந்தவூரிலும் மக்கள் வழமையான விடுமுறைக் காலைப்பொழுதில் இருந்தார்கள். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஏறத்தாழ 10,000 பேர். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் மாணவியரில் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் அந்த நாளின் பெயர்கள் நம் வீடுகளில் இன்றும் உச்சரிக்கப்படுகின்றன.

அன்று விஞ்ஞானிகளுக்கு நில அதிர்வு தெரியாமல் இல்லை. ஹவாய்த் தீவிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 15 நிமிடங்களில் முதலாவது அறிக்கையை வெளியிட்டது. ஆனால் நிலம் அதிர்ந்தது என்பது வேறு, கடல் எழுந்தது என்பது வேறு. கடல் எழுந்ததா என்று பார்த்துச் சொல்ல இந்து சமுத்திரத்தின் ஆழ்கடலில் ஒரு சுனாமி மிதவையும் இருக்கவில்லை.

ஆழ்கடலில் செல்லும் கப்பலோ படகோ சுனாமியைக் கண்டு சொல்ல முடியாதா என்று கேட்கலாம். முடியாது. அன்று நில அதிர்வு ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் ஒரு செய்மதி வங்காள விரிகுடாவுக்கு மேலாகக் கடந்து சென்றது. அது அளந்த அலையின் உயரம் நடுக்கடலில் சுமார் 60 சென்ரிமீற்றர்தான். அந்த உயரம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்தில் மெல்ல ஏறி இறங்குவதால், படகில் இருப்பவர் அதை உணரவே மாட்டார்.

மிதவை எப்படி அறிகிறது?

உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவியருக்கு இது பழகிய கணக்கு. மிதவை தனியாக இல்லை. அதன் கீழே, கடலின் தரையில், ஓர் அமுக்கமானி இருக்கிறது. ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல் ஆகிய மூன்றின் பெருக்கமே நீரின் அமுக்கம். 3,500 மீற்றர் ஆழத்தில் அது வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 350 மடங்கு. இவ்வளவு பெரிய அமுக்கத்தின் கீழிருந்தும், மேலே நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தால் அதை உணரக்கூடியது அக்கருவி.

உணர்ந்ததை வெளியே சொல்ல வேண்டும். உப்புநீர் மின்னைக் கடத்துவதால் வானொலி அலைகளை விழுங்கிவிடுகிறது. எனவே கடலடிக் கருவி ஒலி மூலம் மிதவையிடம் பேசுகிறது. நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் என்பதால், செய்தி மேலே வர மூன்று செக்கன்கூட ஆகாது. மிதவை அதை வானொலி அலையாக மாற்றிச் செய்மதிக்கு அனுப்புகிறது. செய்மதி அதைத் தரையிலுள்ள நிலையங்களுக்குக் கொடுக்கிறது. கடலடிக் கருவி கேட்கும் காது என்றால், மிதவை பேசும் வாய். வாய் உடைந்தால் காது கேட்டுப் பயனில்லை.

சுனாமியின் வேகத்தையும் நாமே கணிக்கலாம். புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 3,500 மீற்றர் ஆழக் கடலில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 185 மீற்றர், அதாவது மணிக்கு 660 கிலோமீற்றருக்கும் மேல். முதலில் குறிப்பிட்ட மிதவையைத் தாண்டும் அலை நமது கரைக்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் மிதவை நமக்குத் தரக்கூடியது. கடற்கரை வீதியிலிருந்து பிரதான வீதியைத் தாண்டி, வயல் பக்கமாக நடந்தே போக அது தாராளமான நேரம்.

மிதவைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபத்து இல்லை என்று சொல்வதும் அதன் வேலைதான். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கைக் கரையோர மக்கள் வெளியேறும்படி கேட்கப்பட்டார்கள். ஆனால் அன்று கடலடி நிலம் மேலெழாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை உருவாகவில்லை. இவ்வாறான நாட்களில் ஆழ்கடல் அளவீடு கிடைத்தால் எச்சரிக்கையை விரைவாக நீக்க முடியும். வீண் ஓட்டம் பல தடவை நேர்ந்தால், உண்மையான எச்சரிக்கை வரும்போது மக்கள் அசையமாட்டார்கள்.

மலையுச்சியில் கற்ற பாடம்

ஆளில்லா வானொலி நிலையத்தைக் காக்கும் பிரச்சினை கடலில் மட்டும் தோன்றியதன்று. அமெச்சூர் வானொலியாளர்கள் இதை நீண்ட காலமாக அறிந்தவர்கள். "ஹாம்" என்று அழைக்கப்படும் இவர்கள் சம்பளத்துக்காக அன்றி, ஆர்வத்தினால் அனுமதிப்பத்திரம் பெற்று வானொலித் தொடர்பு செய்பவர்கள். இலங்கையில் அந்த அனுமதியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகிறது.

2004இல் இவர்களின் பணி பேசப்பட்டது. அந்தமான் தீவுகளில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, அமெச்சூர் வானொலிப் பயணமொன்றுக்குத் தலைமை தாங்கிப் போட் பிளேயரில் இருந்தார். சுனாமி தீவுகளின் தொடர்புகளைத் துண்டித்தபோது, அவரும் குழுவினரும் தமது கருவிகளை நிவாரணப் பணிக்குத் திருப்பினார்கள். இலங்கையில் வானொலிச் சங்கத்தின் தலைவராக இருந்த விக்டர் குணதிலக்கவும் அவரது தோழர்களும், பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளால் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தினார்கள்.

சிற்றலை வெகுதூரம் போகும். ஆனால் கையடக்கக் கருவிகளின் அலை நேர்கோட்டிலேயே செல்லும். கட்டடமோ மலையோ குறுக்கிட்டால் நின்றுவிடும். ஆகவே உலகெங்கும் அமெச்சூர் வானொலியாளர்கள் மலையுச்சிகளில் சிறு நிலையங்களை அமைக்கிறார்கள். கீழிருந்து வரும் பேச்சை வாங்கி, வலுக்கூட்டி, மறுபடி பரப்புவது அவற்றின் வேலை. அங்கே யாரும் வசிப்பதில்லை. செப்புக் கம்பி, பற்றரி, சூரிய மின்தகடு என்று திருடனுக்குப் பிடித்தவை அங்கே உண்டு. ஒன்றும் எடுக்காமல் சும்மா கல்லெறிந்து உடைப்பவர்களும் உண்டு.

இவற்றைக் காக்க நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, வேலியும் பூட்டும். இரண்டாவது, ஏற்கெனவே காவல் உள்ள தொலைக்காட்சிக் கோபுரம் போன்ற இடத்தில் ஒரு மூலையைக் கேட்டுப் பெறுவது. மூன்றாவது, பெட்டியை இரும்பால் செய்து, தகட்டை எட்டாத உயரத்தில் பொருத்தி, கதவு திறந்தால் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்வது. நான்காவது, அயலில் வாழ்பவர்களிடம் போய், இது இன்னது, வெள்ளம் வந்தால் உங்களுக்கும் உதவுவது என்று சொல்லி வைப்பது. பூட்டை உடைக்கக் கள்வனுக்குச் சில நிமிடம் போதும். அதைப் பார்த்து, "யாரது?" என்று கேட்கும் ஓர் அயலவர் இருந்தால் அவன் பூட்டுக்கு அருகிலேயே வரமாட்டான்.

கடலில் வேலி போட முடியுமா?

இப்போது இந்த நான்கு வழிகளையும் கடலுக்குக் கொண்டு செல்வோம்.

முதலாவது வழி அங்கே இல்லை. கடலுக்கு வேலி போட முடியாது. இரண்டாவதும் இல்லை. மிதவை எங்கே இருக்க வேண்டும் என்பதை நில அதிர்வு வரக்கூடிய இடம்தான் தீர்மானிக்கிறது, காவல் உள்ள இடமல்ல.

மூன்றாவது வழியை நிறையவே முயன்றிருக்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கடல்களில் மிதவைகளை இறக்கி வருகிறது. அலையின் உயரம், காற்று, வெப்பநிலை ஆகியவற்றை அளப்பவையும் சுனாமியை அறிபவையும் அவற்றுள் அடங்கும். சேதம் தொடர்ந்ததால் மிதவைகளில் கமராக்களையும் பொருத்திப் பார்த்தார்கள். பருவமழையை ஆராயப் பல நாடுகள் சேர்ந்து இந்து சமுத்திரத்தில் நிறுவிய "ராமா" மிதவை வரிசையும் இதே துன்பத்தைக் கண்டது. அதனால் சில இடங்களில் ஏறிநிற்கப் பிடியும், கயிறு கட்ட வளையமும் இல்லாத, வழுவழுப்பான கூம்பு வடிவ மிதவைகளை இறக்கினார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற முடியாத மிதவையில் காற்றை அளக்கும் கருவியைப் பொருத்தவும் இடமில்லை. காப்பாற்றுவதற்காகவே அதன் திறமையில் ஒரு பகுதியை இழக்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் உண்டு. இலங்கையும் உறுப்புரிமை வகிக்கும் இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழு 2011இல் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி மீன்பிடிக் கலங்கள் தரவு மிதவையிலிருந்து ஒரு கடல் மைலுக்குள் வேண்டுமென்றே மீன்பிடிக்கக்கூடாது. மிதவையில் கலத்தைக் கட்டவும் கூடாது. வலை தற்செயலாகச் சிக்கினால், மிதவைக்கு இயன்றவரை சேதமில்லாமல் அதை எடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்கு அந்தச் சட்டத்தை வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்?

எஞ்சியிருப்பது நான்காவது வழி மட்டுமே. கடலில் மிதவைக்கு அயலவர் யார்? மீனவர்தான்.

ஏன் சேதப்படுத்துகிறார்கள்?

மீனவர்கள் எல்லோரும் மிதவைகளின் எதிரிகள் என்று சொல்வது அநியாயம். காரணங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை பகையால் வருவன அல்ல.

கடலில் மிதக்கும் எந்தப் பொருளின் அடியிலும் மீன் கூடும் என்பது நமது கடற்றொழிலாளர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விடயம். கட்டையில் பாசி பிடிக்கும், பாசிக்குச் சிறு மீன் வரும், சிறு மீனுக்குச் சூரை வரும். பல நாட்கள் டீசல் எரித்து மீன் தேடும் படகுக்கு, மீன் கூடிநிற்கும் மிதவை ஒரு வரம் போலத் தோன்றும். அதில் கயிற்றைக் கட்டினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரவைக் கழிக்கலாம். ஆனால் பல தொன் எடையுள்ள படகு அலையில் இழுக்கும்போது நங்கூரக் கயிறு அறும், அன்ரெனா வளையும். சில வேளைகளில் தூண்டில் கயிறோ வலையோ மிதவையின் கயிற்றில் சிக்கிக்கொள்ளும். தன் வலையைக் காப்பாற்ற மீனவர் மிதவையின் கயிற்றை வெட்டுவார். அவருக்கு அந்த வலை கடனில் வாங்கியதாக இருக்கலாம். மிதவையோ யாருடையது என்றே தெரியாத ஒரு பொருள்.

மின்தகட்டையும் பற்றரியையும் வேண்டுமென்றே கழற்றிச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் களவு என்றுதான் சொல்ல வேண்டும்.

உடைந்த மிதவையைத் திருத்துவது தெருவிளக்கு மாற்றுவது போன்றதல்ல. கப்பல் ஒன்றை ஒழுங்கு செய்து, பல நாள் பயணம் செய்து, கடல் அமைதியாக இருக்கும் காலம் பார்த்துப் போக வேண்டும். அதுவரை அந்த இடம் குருடாகவே இருக்கும். இந்தோனேசியாவில் 2018 செப்டெம்பரில் பாலு நகரைச் சுனாமி தாக்கிய பின்னர், அந்நாட்டு அனர்த்த முகாமை நிறுவனத்தின் பேச்சாளர் சுதோபோ புர்வோ நுக்ரோஹோ ஓர் உண்மையைப் பகிரங்கமாகச் சொன்னார். தமது நாட்டின் 22 சுனாமி மிதவைகளில் ஒன்றுகூட 2012 முதல் இயங்கவில்லை. சேதப்படுத்தலும் பராமரிப்புக்குப் பணமின்மையுமே காரணம் என்றார். பாலுவில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. ஆகவே மிதவைகள் இருந்திருந்தாலும் அங்கே பெரிதாக உதவியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நமது நிலை வேறு. சுமாத்திராவிலிருந்து வரும் அலைக்கும் நமக்கும் இடையே முழு வங்காள விரிகுடாவும் இருக்கிறது. மிதவையால் மிகக் கூடிய நன்மை பெறக்கூடியவர்கள் நம்மைப் போன்ற தூரத்துக் கரையினர்தான்.

நமது பங்கு என்ன?

சென்னை நிறுவனத்தினர் கமராவோடு நின்றுவிடவில்லை. கரையோரக் கிராமங்களுக்குச் சென்று மீனவர்களோடு கூட்டங்கள் நடத்தினார்கள். அவர்களின் தாய்மொழியில் விளக்கப் படங்களும் துண்டுப் பிரசுரங்களும் கொடுத்தார்கள். மிதவை தரும் செய்தியால்தான் கடல் கொந்தளிப்பு பற்றிய முன்னறிவிப்பு மேம்படுகிறது என்பதை எடுத்துச் சொன்னார்கள். நமக்கும் இது பொருந்தும். 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் அம்பாறைக் கரையையும் சூறையாடிய சூறாவளியை நம் மூத்தம்மாமார் இன்றும் சொல்வார்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போது காற்றையும் அலையையும் அங்கேயே நின்று அளந்து சொல்வன மிதவைகள்தான். அவற்றால் முதலில் பயன்பெறுபவர் கரையில் இருக்கும் நாமல்ல, கடலில் இருக்கும் மீனவரே.

நமது மாணவியர் பலரின் வாப்பாவோ, காக்காவோ, மாமாவோ கடலுக்குச் செல்பவர்கள். நாம் செய்யக்கூடியவை எளியவை.

தரவு மிதவையை அடையாளம் காணச் சொல்லிக் கொடுக்கலாம். இவை பொதுவாக மஞ்சள் நிறமானவை. இரவில் 20 செக்கனுக்கு ஒரு தடவை ஐந்து முறை மஞ்சள் ஒளி மின்னும். உடலில் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். மற்றவர் போட்ட மீன் மிதவை என்று அதை எண்ணிவிடக்கூடாது.

அதில் படகைக் கட்டாதிருக்கவும், ஒரு கடல் மைல் தள்ளித் தொழில் செய்யவும் எடுத்துச் சொல்லலாம். வலை சிக்கினால் எப்படி எடுப்பது என்பதைப் படகோட்டிகள் தமக்குள் பேசிவைக்கலாம்.

உடைந்த அல்லது கட்டறுந்து மிதக்கும் மிதவையைக் கண்டால், இடத்தையும் நாளையும் இலக்கத்தையும் குறித்துவந்து கடற்றொழில் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ அறிவிக்கலாம். கரையில் ஒதுங்கினால் பிரிக்காமல் ஒப்படைக்கலாம். ஒலுவில் துறைமுகத்திலும் மீன் வாடிகளிலும் தமிழில் ஒரு சுவரொட்டி ஒட்டுவதற்கு நமது விஞ்ஞான மன்றமும் தமிழ் மன்றமும் சேர்ந்தாலே போதும். ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவித்தல் செய்யப் பள்ளிவாசல் நிருவாகத்தினரைக் கேட்கலாம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று சிறுவயது முதல் ஓதி வந்திருக்கிறோம். கடலும் ஒரு பாதைதான். அதில் நிற்கும் மிதவை தாய்லாந்துடையதோ இந்தியாவுடையதோ அல்ல, அதைக் கடந்து செல்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கயிற்றை இன்று வெட்டாமல் விடும் கைக்கு, அது எந்த ஊரின் எத்தனை வீடுகளைக் காத்தது என்று ஒருபோதும் தெரியாமல் போகலாம். அந்தக் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கும்.